ஐஸ் ஹாக்கி வரலாற்றின் பெரிய தருணங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட அமெரிக்காவின் தொழில்முறை ஐஸ் ஹாக்கிக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. அதில் எது பெரிய தருணம் என்று கேட்டால் ஒவ்வொரு ஊரும் தன் அணி போட்ட ஒரு கோலைச் சொல்லும். இங்கேயும் கோல்கள் உண்டு. ஆனால் என் கவனம் அதிகம் போவது ஆடியவர்கள் மீது: அடிபட்டவர்கள், விற்கப்பட்டவர்கள், தடுக்கப்பட்டவர்கள், அதையும் மீறி ஆடியவர்கள். புதிதாகப் பார்க்க வருகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

ஆட்டமே தெரியாது. குறைந்தபட்சம் எது தெரிந்தால் போதும்?

பனித்தளத்தில் ஒரு அணிக்கு ஆறு பேர், அதில் ஒருவர் கோல்கீப்பர். தலா 20 நிமிடமாக மூன்று பகுதிகள். பந்து கிடையாது, பக் என்கிற கெட்டி ரப்பர் வட்டு. எடை சுமார் 165 கிராம்தான், ஆனால் நல்ல அடி விழுந்தால் மணிக்கு 150 கிலோமீட்டரைத் தாண்டிப் பறக்கும். முரட்டுத் தவறு செய்தவர் பெனால்ட்டி பெட்டியில் போய் உட்கார வேண்டும், அதுவரை அவர் அணி ஒரு ஆள் குறைவாக ஆடும். கோப்பைக்கான ப்ளேஆஃப் சுற்றுகளில் ஏழு ஆட்டத்தில் நான்கு ஜெயிக்க வேண்டும். சமநிலை வந்தால் யாராவது ஒரு கோல் போடும்வரை ஓவர்டைம். இவ்வளவு போதும்.

காசு வாங்கி ஆடும் ஹாக்கி எப்போது தொடங்கியது?

விதிமுறையோடு கூரைக்குள் நடந்த முதல் ஆட்டம் 1875 மார்ச் 3 அன்று மாண்ட்ரியலின் விக்டோரியா ஸ்கேட்டிங் ரிங்க்கில் நடந்தது. அப்போது காசு பேச்சே இல்லை, காசு வாங்குவது கௌரவக் குறைச்சல் என்று நினைத்த காலம். முதல் முழுத் தொழில்முறை லீக் 1904இல் உருவானது. ஆச்சரியம் என்னவென்றால், அதன் மையம் கனடா இல்லை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் செப்புச் சுரங்கங்கள் இருந்த ஹௌட்டன் என்ற சின்ன ஊர். சுரங்கத்தில் பணம் புரண்டது, ஆட்டக்காரர்கள் கனடாவிலிருந்து வந்தார்கள். மூன்று வருடத்தில் அந்த லீக் மூடப்பட்டது. ஆனால் அதற்குள் கனடாவின் அணிகளும் காசு கொடுக்கத் தொடங்கிவிட்டன.

இன்றைய என்ஹெச்எல், அதாவது தேசிய ஹாக்கி லீக், 1917 நவம்பர் 26 அன்று மாண்ட்ரியலின் வின்ட்சர் ஹோட்டலில் பிறந்தது. பிறந்த காரணம் அவ்வளவு உயர்ந்தது இல்லை. பழைய லீக்கில் டொராண்டோ அணியை வைத்திருந்த எட்டி லிவிங்ஸ்டனோடு மற்ற முதலாளிகளுக்கு ஒத்துப்போகவில்லை. அவரை வெளியே தள்ளுவதற்கு வசதியாக, அவர் இல்லாத புது லீக் ஒன்றை அமைத்துக்கொண்டார்கள்.

ஸ்டான்லி கோப்பைக்கு ஏன் இவ்வளவு மதிப்பு?

லீக்கை விட கோப்பைக்கு வயது அதிகம். கனடாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த ஸ்டான்லி பிரபு 1892இல் அதை அறிவித்தார். 1893இல் முதல்முறை வழங்கப்பட்டது. அதே வருடம் அவர் இங்கிலாந்து திரும்பிவிட்டதால் தன் பெயரிலான கோப்பைக்காக நடந்த ஒரு இறுதி ஆட்டத்தைக்கூட அவர் பார்க்கவில்லை.

ஜெயித்த அணியின் வீரர்கள் பெயரை ஒவ்வொன்றாகக் கோப்பையிலேயே பொறிப்பார்கள். கோடைகாலத்தில் ஆளுக்கொரு நாள் கோப்பை அவர்கள் ஊருக்குப் போகும். குழந்தைக்கு அதில் ஞானஸ்நானம் செய்தவர்கள் உண்டு, காலை உணவு ஊற்றிச் சாப்பிட்டவர்கள் உண்டு.

ஆரம்ப காலத்தில் எந்த ஊர் அணியும் சவால் விட்டு ஆடலாம். 1905இல் வடகோடியில் தங்கம் தோண்டிய டாசன் சிட்டி அணி கால்நடையாகவும் நாய் வண்டியிலும் கப்பலிலும் ரயிலிலும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து ஆட்டாவாவுக்கு வந்து சேர்ந்தது. முதல் ஆட்டத்தில் 9-2, இரண்டாவதில் 23-2 என்று தோற்றது. அந்த இரண்டாவது ஆட்டத்தில் ஆட்டாவாவின் ஃபிராங்க் மெக்கீ ஒருவரே 14 கோல் போட்டார். அவருக்கு ஒரு கண்ணில் பார்வை இல்லை. முதல் உலகப் போரில், 1916இல், சோம் போர்முனையில் இறந்தார்.

கோப்பை யாருக்கும் கிடைக்காத வருடம் உண்டா?

இரண்டு முறை. முதலாவது 1919. மாண்ட்ரியல் கனேடியன்ஸ் அணி சியாட்டில் மெட்ரோபாலிட்டன்ஸோடு ஆட மேற்குக் கரைக்குப் போயிருந்தது. ஐந்து ஆட்டங்கள் முடிந்தன: ஆளுக்கு இரண்டு வெற்றி, ஒன்று சமன். ஆறாவது ஆட்டம் நடக்க வேண்டிய நாளில் மாண்ட்ரியல் வீரர்கள் பலர் கடும் காய்ச்சலில் படுத்துவிட்டார்கள். ஸ்பானிஷ் ஃப்ளூ. ஆள் சேர்க்க முடியாததால் கோப்பையை விட்டுக்கொடுக்கிறோம் என்றார் மாண்ட்ரியல் மேலாளர் ஜார்ஜ் கென்னடி. படுத்துக் கிடப்பவர்களிடமிருந்து எங்களுக்குக் கோப்பை வேண்டாம் என்று சியாட்டில் தரப்பு மறுத்துவிட்டது. நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 5 அன்று, மாண்ட்ரியலின் ஜோ ஹால் அங்கேயே இறந்தார். கென்னடியும் அந்த நோயிலிருந்து முழுதாக மீளாமல் 1921இல் போய்விட்டார். தொடர் முடிவடையவில்லை என்ற குறிப்போடு அந்த வருடம் கோப்பையில் இருக்கிறது.

இரண்டாவது 2005. அதற்கு நோய் காரணம் இல்லை, சம்பள உச்சவரம்பு பற்றிய தகராறு. முதலாளிகள் கதவைப் பூட்டினார்கள், 2005 பிப்ரவரி 16 அன்று முழு சீசனும் ரத்தானது.

வரலாற்றின் மிக நீண்ட ஆட்டம் எது?

1936 மார்ச் 24 இரவு மாண்ட்ரியல் ஃபோரம் அரங்கில் டெட்ராய்ட் ரெட் விங்ஸும் மாண்ட்ரியல் மரூன்ஸும் ஆடியது. வழக்கமான 60 நிமிடத்தில் கோல் இல்லை. ஓவர்டைம் ஒன்று, இரண்டு, மூன்று என்று போய், ஆறாவது ஓவர்டைமில், விடியற்காலை இரண்டரை மணி நெருங்கும்போது, மட் ப்ரூனடோ என்ற புதுப் பையன் போட்ட கோலில் டெட்ராய்ட் 1-0 என்று ஜெயித்தது. கூடுதலாக ஆடிய நேரம் மட்டும் 116 நிமிடம் 30 நொடி. டெட்ராய்ட் கோல்கீப்பர் நார்ம் ஸ்மித் 90க்கும் மேற்பட்ட அடிகளைத் தடுத்தார். இன்றுவரை எந்த என்ஹெச்எல் ஆட்டமும் அவ்வளவு நேரம் போகவில்லை.

ஒரு ஹாக்கி வீரரைத் தடை செய்ததற்காக ஊரே கொதித்ததாமே?

மோரிஸ் ரிச்சர்ட். மாண்ட்ரியல் கனேடியன்ஸின் வலது ஓரத் தாக்குதல் வீரர், செல்லப்பெயர் ராக்கெட். 50 ஆட்டத்தில் 50 கோல் என்பதை முதலில் செய்தவர் அவர்தான், 1944-45 சீசனில். ஆனால் அவர் யாருடைய ஆள் என்று தெரிந்தால்தான் நடந்தது புரியும். கியூபெக்கில் பெரும்பான்மையினர் பிரெஞ்சு பேசுபவர்கள். ஆலையும் வங்கியும் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுபவர்கள் கையில் இருந்தன. சொந்த ஊரிலேயே இரண்டாம் தரமாக நடத்தப்பட்ட அந்த மக்களுக்கு, யாருக்கும் தலைவணங்காமல் கோல் போடுகிற ஒரு ஆள் என்றால் எப்படி இருக்கும்.

1955 மார்ச் 13 அன்று பாஸ்டனில் ஹால் லேகோ என்பவரின் மட்டை ரிச்சர்டின் தலையைக் கிழித்தது. ரத்தத்தைப் பார்த்ததும் ரிச்சர்ட் மட்டையால் லேகோவைத் திருப்பித் தாக்கினார். பிடித்து நிறுத்த வந்த துணை நடுவர் கிளிஃப் தாம்சனையும் குத்திவிட்டார். நடுவர் மேல் கை வைத்தது பெரிய குற்றம், அதில் சந்தேகம் இல்லை. என்ஹெச்எல் தலைவர் கிளாரன்ஸ் கேம்ப்பெல் விசாரித்து, சீசனின் மிச்ச ஆட்டங்களோடு ப்ளேஆஃப் முழுவதற்கும் தடை போட்டார். கோல் போட்டாலும் ஒரு புள்ளி, கோலுக்கு வழிசெய்தாலும் ஒரு புள்ளி. ரிச்சர்ட் அந்த வருடம் அதிகப் புள்ளி எடுத்தவர்கள் பட்டியலில் முதலிடத்தில் இருந்தார். அந்தப் பட்டத்தை அவர் அதுவரை வென்றதில்லை. தீர்ப்பு சொன்னவர் ஆங்கிலம் பேசுபவர் என்பது எல்லோர் கண்ணுக்கும் பட்டது.

மறுநாள், மார்ச் 17, ஃபோரத்தில் டெட்ராய்டோடு ஆட்டம். வர வேண்டாம் என்று பலர் எச்சரித்தும் கேம்ப்பெல் வந்தார், அதுவும் முதல் பகுதி பாதி ஓடிய பிறகு, எல்லோரும் பார்க்க நடந்து வந்து தன் வழக்கமான இருக்கையில் உட்கார்ந்தார். முட்டை, தக்காளி, கையில் இருந்ததெல்லாம் அவர் மேல் பறந்தது. கை குலுக்குவது போல் கிட்டே வந்த ஒருவர் அறைந்தார். அப்புறம் ஒரு கண்ணீர்ப்புகைக் குண்டு வெடித்தது. இருமிக்கொண்டே கூட்டம் வெளியே ஓடியது. அப்போது 4-1 என்று முன்னிலையில் இருந்த டெட்ராய்டுக்கே ஆட்டம் கொடுக்கப்பட்டது. வெளியே செயின்ட் கேத்தரின் தெருவில் இரவு முழுக்கக் கண்ணாடி உடைந்தது, கடைகள் சூறையாடப்பட்டன.

அடுத்த நாள் ரிச்சர்ட் வானொலியில் பேசினார், பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும். தண்டனையை ஏற்றுக்கொள்கிறேன், அடுத்த வருடம் திரும்பி வந்து கோப்பைக்கு ஆடுவேன், எல்லோரும் அமைதியாக இருங்கள் என்றார். ஊர் அடங்கியது. அந்த வருடப் புள்ளிப் பட்டம் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் அதே அணியின் பெர்னி ஜெஃப்ரியனுக்குப் போனது. ராக்கெட்டைத் தாண்டிய பாவத்துக்கு, தன் சொந்த ரசிகர்களிடமே அவர் கூச்சல் வாங்கினார். அது எனக்கு இன்றும் நெருடும் விஷயம். அவர் செய்தது தன் வேலையை மட்டுமே.

1956 முதல் 1960 வரை ஐந்து கோப்பைகளைத் தொடர்ந்து மாண்ட்ரியல் வென்றது. ரிச்சர்டுக்குப் புள்ளிப் பட்டம் கடைசிவரை கிடைக்கவில்லை. அறுபதுகளில் கியூபெக்கில் நடந்த பெரிய அரசியல் விழிப்புக்கு அந்த இரவு முன்னோட்டம் என்று எழுதுபவர்கள் உண்டு. ஒரு கலவரத்தின் மேல் அவ்வளவு பாரத்தை ஏற்றலாமா என்று எனக்குத் தயக்கம்தான். ஆனால் 1996 மார்ச்சில் பழைய ஃபோரத்தின் கடைசி ஆட்டத்தன்று, 74 வயது ரிச்சர்ட் பனித்தளத்துக்கு வந்ததும் கூட்டம் எழுந்து நின்று நிமிடக்கணக்கில் கை தட்டியது. அவர் போதும் போதும் என்று கையசைத்தும் நிற்கவில்லை. அந்தக் காட்சியைப் பார்த்தால், அவர் அவர்களுக்கு வெறும் ஆட்டக்காரர் இல்லை என்பது தெரியும்.

கோல்கீப்பர்கள் முகமூடி இல்லாமலா ஆடினார்கள்?

ஆமாம், பல பத்து வருடங்கள். 1930இல் மரூன்ஸின் கிளின்ட் பெனடிக்ட் தோலால் செய்த ஒன்றைக் கொஞ்ச காலம் போட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். முகமூடி போட்டால் பயந்தவன் என்ற பெயர், கால் அருகே கிடக்கும் பக் தெரியாது என்ற வாதம். இரண்டும் சேர்ந்து யாரையும் போட விடவில்லை.

1959 நவம்பர் 1, நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன். நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணியின் ஆண்டி பாத்கேட் கிட்டத்திலிருந்து அடித்த பக் மாண்ட்ரியலின் ஜாக் பிளான்ட் முகத்தில் பட்டு மூக்கையும் உதட்டையும் கிழித்தது. அவரை உள்ளே கொண்டுபோய்த் தைத்தார்கள். அப்போதெல்லாம் அணிக்கு ஒரே கோல்கீப்பர், மாற்று ஆள் பெஞ்சில் கிடையாது. இருபது நிமிடம்போல அரங்கமே காத்திருந்தது. பயிற்சியில் மட்டும் பயன்படுத்த அனுமதித்திருந்த ஃபைபர் கிளாஸ் முகமூடி பிளான்ட்டிடம் இருந்தது. அதைப் போடாமல் திரும்பமாட்டேன் என்றார். பயிற்சியாளர் டோ பிளேக்குக்குப் பிடிக்கவே இல்லை, ஆனால் வேறு வழியும் இல்லை. பிளான்ட் அதை மாட்டிக்கொண்டு வந்தார், மாண்ட்ரியல் 3-1 என்று வென்றது. காயம் ஆறியதும் கழற்றிவிட வேண்டும் என்பது பிளேக்கின் எண்ணம். ஆனால் அணி 18 ஆட்டம் தோற்காமல் போனது; அதற்குப் பிறகு யார் கேட்பார்கள்? அந்த சீசன் முடிவில் கோப்பையும் வந்தது.

மற்றவர்கள் மெதுவாகத்தான் மாறினார்கள். முகமூடி இல்லாத கடைசி என்ஹெச்எல் கோல்கீப்பர் ஆண்டி பிரௌன், 1974 வரை ஆடினார். பாஸ்டனின் ஜெரி சீவர்ஸ் தன் வெள்ளை முகமூடியில் பக் பட்ட இடத்திலெல்லாம் கறுப்பில் தையல் போட்டதுபோல வரைந்து வைத்திருந்தார். அந்தக் கோடுகள் அத்தனையும் அவர் முகத்தில் இருந்திருக்க வேண்டியவை.

ஆட்டத்தில் உயிர் போனதுண்டா?

என்ஹெச்எல்லில் ஒருமுறை. 1968 ஜனவரி 13 அன்று மினசோட்டாவின் பில் மாஸ்டர்டன் மோதி விழுந்ததில் தலை பனியில் அடித்தது, இரண்டு நாளில் இறந்தார். ஹெல்மெட் இல்லை. கட்டாயமாக்க அதற்கப்புறமும் பதினோரு வருடம் ஆனது, அதுவும் 1979இல் புதிதாக நுழைந்தவர்களுக்கு மட்டும். ஹெல்மெட் இல்லாமல் கடைசியாக ஆடியவர் கிரெய்க் மக்டாவிஷ், 1997இல் ஓய்வு பெற்றார்.

1989 மார்ச் 22 அன்று பஃபலோ கோல்கீப்பர் கிளின்ட் மலார்ச்சக்கின் கழுத்தை ஒரு ஸ்கேட் பிளேடு அறுத்தது. அணியில் காயங்களைக் கவனிக்கும் உதவியாளர் ஜிம் பிட்சுடெல்லி வியட்நாம் போரில் இருந்தவர். ஓடிவந்து ரத்தக்குழாயைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே அவரை வெளியே நடத்திக்கொண்டு போனார். மலார்ச்சக் பிழைத்தார். 2023 அக்டோபரில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் அதே மாதிரி காயத்தில் ஆடம் ஜான்சன் பிழைக்கவில்லை. இப்போது கழுத்துக் காப்பு 2026-27 சீசனிலிருந்து என்ஹெச்எல்லில் கட்டாயம் என்று முடிவாகியிருக்கிறது, இந்த முறையும் புதிதாக வருபவர்களுக்கு மட்டும். ஹெல்மெட்டுக்குச் செய்ததையே திரும்பச் செய்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அனுபவசாலியின் கழுத்தும் கழுத்துதான்.

வீரர்கள் சங்கம் வைக்க முயன்றதற்கு என்ன ஆனது?

ஹாக்கி வரலாறு என்றால் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்பேன், ஆனால் பெரும்பாலான பட்டியல்களில் இது இருக்காது. டெட்ராய்டின் டெட் லிண்ட்சே நட்சத்திர வீரர். ஜெயித்த கோப்பையை எடுத்துக்கொண்டு ரசிகர்கள் பக்கமாகச் சுற்றிவரும் வழக்கத்தை 1950இல் தொடங்கிவைத்தவரும் அவர்தான். ஓய்வூதிய நிதியில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டால் முதலாளிகள் கணக்கைக் காட்டவில்லை. 1957இல் அவரும் மாண்ட்ரியலின் டக் ஹார்வியும் முன்னின்று, அப்போது லீக்கில் இருந்த ஆறு அணி வீரர்களையும் சேர்த்து ஒரு சங்கத்தை அறிவித்தார்கள்.

அந்தக் கோடையிலேயே லிண்ட்சேயை, லீக்கிலேயே பலவீனமாக இருந்த சிகாகோவுக்கு அனுப்பிவிட்டார்கள். அவரோடு பழகிய இளம் கோல்கீப்பர் கிளென் ஹாலையும் சேர்த்து. சங்கம் சில மாதங்களில் கரைந்தது. நிலையான சங்கம் 1967இல்தான் வந்தது, அதன் தலைமையில் ஆலன் ஈகிள்சன் என்ற வழக்கறிஞர். அவரோ பின்னாளில் வீரர்களின் பணத்தையே ஏமாற்றியதாக 1998இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைத்தண்டனை பெற்றார். இப்போது சக வீரர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் சிறந்த ஆட்டக்காரர் விருது டெட் லிண்ட்சே பெயரில் இருக்கிறது.

நிறத் தடையை உடைத்தது யார்?

1958 ஜனவரி 18 அன்று பாஸ்டன் புரூயின்ஸுக்காக மாண்ட்ரியலில் இறங்கிய வில்லி ஓரீ, என்ஹெச்எல்லின் முதல் கறுப்பின வீரர். அதற்கு முன்பு ஜூனியர் ஹாக்கி ஆடும்போது பக் பட்டு வலது கண் பார்வை போயிருந்தது. தெரிந்தால் ஆட விடமாட்டார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. இடது ஓரத்தில் ஆடுபவருக்கு பக் பெரும்பாலும் வலப் பக்கத்திலிருந்துதான் வரும். ஒவ்வொரு தடவையும் தலையைத் திருப்பிப் பார்த்து ஆடினார். அமெரிக்க அரங்குகளில் வாங்கிய வசவுக்கு அளவில்லை. என்ஹெச்எல்லில் மொத்தம் 45 ஆட்டம். ஹாக்கியின் புகழ் மண்டபத்தில் இடம் 2018இல்தான் கிடைத்தது.

ஆசிய வேர் கொண்ட முதல் வீரர் அதற்கும் முந்தியவர். சீனக் குடும்பத்தில் பிறந்த லேரி குவாங் 1948 மார்ச் 13 அன்று ரேஞ்சர்ஸ் பெஞ்சில் ஆட்டம் முடியப்போகும்வரை உட்கார வைக்கப்பட்டு, கடைசியில் ஒரு நிமிடம்போல இறக்கிவிடப்பட்டார். அவரது என்ஹெச்எல் வாழ்க்கை அந்த ஒரு நிமிடம்தான். இந்திய வேர் கொண்ட முதல் வீரர் ராபின் பாவா 1989இல் வாஷிங்டனுக்கு ஆடினார்.

பறப்பதுபோல ஒரு வீரர் இருக்கும் புகைப்படம் என்ன கதை?

பாபி ஓர். 1970 மே 10, பாஸ்டன். இறுதித் தொடரின் நான்காவது ஆட்டம், ஓவர்டைம் தொடங்கி 40 நொடி. செயின்ட் லூயிஸ் கோல்கீப்பரான அதே கிளென் ஹாலைத் தாண்டி பக் உள்ளே போனது. அதே கணம் நோயல் பிக்கார்ட் என்ற எதிரணித் தடுப்பாட்டக்காரர் காலைத் தட்டிவிட, கைகளை விரித்தபடி பாபி ஓர் காற்றில் கிடந்தார். ரே லுசியே எடுத்த படம் அது. தடுப்பாட்டக்காரரும் முன்னால் போய் கோல் போடலாம் என்று காட்டியவர் ஓர். முழங்கால் சிதைந்து 30 வயதில் ஓய்வு பெற்றார். அவருடைய ஏஜெண்ட் மேலே சொன்ன ஈகிள்சன். அணியில் பங்குரிமையே தருவதாக பாஸ்டன் சொன்னதை ஈகிள்சன் பாபியிடம் தெரிவிக்காமல் சிகாகோவுக்குப் போக வைத்தார்.

1972 தொடரைப் பற்றி கனடாக்காரர்கள் ஏன் இன்னும் பேசுகிறார்கள்?

ஒலிம்பிக்கில் தொழில்முறை வீரர்களுக்கு அப்போது இடமில்லை. சோவியத் வீரர்கள் காகிதத்தில் ராணுவத்தினர், நிஜத்தில் வருடம் முழுக்க ஆடுபவர்கள், தங்கத்தை அள்ளிக்கொண்டிருந்தார்கள். எங்கள் என்ஹெச்எல் ஆட்கள் இறங்கினால் தெரியும் என்று கனடா சொல்லிக்கொண்டே இருந்தது. அதைச் சோதிக்க எட்டு ஆட்டம்: நான்கு கனடாவில், நான்கு மாஸ்கோவில். எட்டையும் கனடாவே ஜெயிக்கும் என்று பத்திரிகைகள் எழுதின.

செப்டம்பர் 2, மாண்ட்ரியல். ஆறேழு நிமிடத்தில் கனடா 2-0. அப்புறம் என்ன நடந்தது என்று அரங்கத்துக்கே புரியவில்லை. சோவியத் வீரர்கள் கூட்டமாகப் பின்வாங்கி, கூட்டமாகப் பாய்ந்து, பக்கைக் கைமாற்றிக்கொண்டே வந்தார்கள். வலேரி கார்லாமோவ் கனடாவின் தடுப்பாட்டக்காரர்களைச் சுற்றிக்கொண்டு போய் இரண்டு கோல் போட்டார். முடிவு 7-3, சோவியத் வெற்றி. கனடாவில் நான்கு ஆட்டமும் முடிந்தபோது கனடா ஒன்றில் மட்டும் வென்றிருந்தது. நான்காவது ஆட்டத்தில் வான்கூவர் ரசிகர்கள் தங்கள் அணியையே கூச்சலிட்டு விரட்ட, ஃபில் எஸ்போசிட்டோ வியர்வை வழிய கேமரா முன் நின்று, நாங்கள் முடிந்ததையெல்லாம் செய்கிறோம் என்று நாட்டையே பார்த்துச் சொன்னார்.

மாஸ்கோவில் முதல் ஆட்டமும் தோல்வி. மிச்சம் மூன்றையும் ஜெயித்தாக வேண்டும். மூன்றிலும் வெற்றி கோலைப் போட்டவர் பால் ஹெண்டர்சன், அதுவரை யாரும் பெரிதாகப் பேசாத டொராண்டோ வீரர். செப்டம்பர் 28, எட்டாவது ஆட்டம். இரண்டு பகுதி முடிவில் சோவியத் 5-3. கனடா 5-5 ஆக்கியபோது கோல் விளக்கு எரியவில்லை. கத்திக்கொண்டு ஓடிய ஈகிள்சனை போலீஸ் பிடிக்க, கனடா வீரர்கள் தடுப்பைத் தாண்டிக் குதித்து மட்டையோடு போய் மீட்டார்கள். 34 நொடி மிச்சம் இருக்கும்போது, கோல்கீப்பர் திரெத்தியாக் தடுத்த பக் திரும்பி வர, ஹெண்டர்சன் மறுபடி தள்ளினார். 6-5. கனடாவுக்கு நான்கு, சோவியத்துக்கு மூன்று, ஒன்று சமன். மொத்த கோல் கணக்கில் சோவியத்துக்குத்தான் ஒன்று அதிகம், 32-31.

ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. ஆறாவது ஆட்டத்தில் பாபி கிளார்க் மட்டையால் கார்லாமோவின் கணுக்காலை வேண்டுமென்றே அடித்தார். கார்லாமோவ் ஏழாவது ஆட்டத்தில் இல்லை, எட்டாவதில் நொண்டிக்கொண்டு ஆடினார். அந்த அடி இல்லாமல் இந்த வெற்றி வந்திருக்குமா என்ற கேள்வியைக் கனடாவிலேயே பலர் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

1980இன் பனித்தள அதிசயம் தொழில்முறை ஆட்டமா?

இல்லை. லேக் பிளாசிட் ஒலிம்பிக்கில் 1980 பிப்ரவரி 22 அன்று அமெரிக்காவின் கல்லூரி மாணவர்கள் சோவியத் அணியை 4-3 என்று வென்றார்கள். இரண்டு வாரம் முன்பு அதே அணியிடம் 10-3 என்று தோற்றவர்கள். வெற்றி கோல் மைக் எரூசியோனி. அது அரையிறுதிபோல நினைவில் நின்றாலும், தங்கம் உறுதியானது அடுத்து ஃபின்லாந்தை வென்ற பிறகுதான்.

கிரெட்ஸ்கியின் டிரேடு ஏன் துக்கமாகப் பார்க்கப்பட்டது?

வெய்ன் கிரெட்ஸ்கி எவ்வளவு பெரியவர் என்பதற்கு ஒரு கணக்கு போதும். அவர் போட்ட 894 கோலையும் அழித்துவிட்டு, கோலுக்கு வழிசெய்த 1,963 பாஸ்களை மட்டும் எண்ணினாலும், வேறு யாருடைய மொத்தப் புள்ளியையும் விட அதிகம்.

எட்மண்டன் ஆயிலர்ஸுக்கு ஐந்து வருடத்தில் நான்கு கோப்பை வாங்கிக் கொடுத்தவர். நான்காவது கோப்பை வந்த கோடையில், 1988 ஆகஸ்ட் 9 அன்று, அணி முதலாளி பீட்டர் பாக்லிங்டன் அவரை லாஸ் ஏஞ்சலிஸ் கிங்ஸுக்குக் கொடுத்துவிட்டார். பதிலுக்கு இரண்டு இளம் வீரர்கள், புது இளைஞர்களை அணிகள் வரிசைப்படி எடுத்துக்கொள்ளும் தேர்வில் மூன்று முதல் சுற்று உரிமைகள், 1.5 கோடி டாலர் ரொக்கம். செய்தியாளர் கூட்டத்தில் கிரெட்ஸ்கி பேச்சை முடிக்க முடியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் அரசாங்கமே தலையிட வேண்டும் என்று கேட்டார். 27 வயது, உலகின் முதல்நிலை ஆட்டக்காரர், அவரையே விற்கலாம் என்றால் விற்க முடியாதவர் யார் என்ற பயம் வீரர்களிடம் வந்தது.

லீக்குக்கு லாபம்தான். ஐஸ் பார்க்காத கலிஃபோர்னியாவில் டிக்கெட் கிடைக்காமல் போனது. தொடர்ந்து சான் ஹோசே, அனஹைம், டாம்பா என்று வெயில் ஊர்களில் அணிகள் முளைத்தன. கனடாவுக்குக் கோப்பை கடைசியாக வந்தது 1993இல், மாண்ட்ரியல் வழியாக. அந்த இறுதியில் தோற்றது கிரெட்ஸ்கியின் லாஸ் ஏஞ்சலிஸ். அப்புறம் 2025 வரை எந்தக் கனடிய அணியும் வெல்லவில்லை.

ரஷ்யர்கள் என்ஹெச்எல்லுக்கு வந்தது எப்படி?

எளிதாக விடவில்லை. சோவியத் பயிற்சியாளர் விக்டர் திகானோவ் வீரர்களை வருடத்தில் பெரும்பகுதி முகாமில் அடைத்து வைப்பார். இகோர் லரியோனோவ் 1988இல் அதைக் கண்டித்து ஒரு வார இதழில் பகிரங்கக் கடிதமே எழுதினார். வியாச்செஸ்லாவ் ஃபெடிசோவ் அரசோடு நேரடியாக மோதினார். 1989இல் கதவு திறந்தது. அதற்குச் சற்று முன் அலெக்சாண்டர் மகில்னி ஸ்டாக்ஹோமில் அணியை விட்டுத் தப்பியே வந்துவிட்டார்.

ஃபெடிசோவும் லரியோனோவும் பிறகு டெட்ராய்டில் சேர்ந்தார்கள். ஐந்து ரஷ்யர்கள் ஒரே நேரத்தில் இறங்கி, பழைய சோவியத் பாணியில் ஆடியதைப் பார்ப்பதே தனி இன்பம். 1997இல் டெட்ராய்டுக்கு 42 வருடம் கழித்துக் கோப்பை வந்தது. ஆறே நாள் கழித்து, ஜூன் 13 அன்று, கொண்டாட்டம் முடிந்து வந்த வாடகைக் கார் மரத்தில் மோதியது. தடுப்பாட்டக்காரர் விளாடிமிர் கான்ஸ்டன்டினோவும் அணியின் மசாஜ் நிபுணர் செர்கேய் மினாத்சகனோவும் தலையில் படுகாயம் அடைந்து, மறுபடி பழைய நிலைக்கு வரவேயில்லை. அடுத்த வருடம் டெட்ராய்ட் மறுபடி வென்றது. கேப்டன் ஸ்டீவ் ஐசர்மேன் கோப்பையை வாங்கியதும் நேராகச் சக்கர நாற்காலியில் இருந்த கான்ஸ்டன்டினோவ் மடியில் வைத்தார். பிறகு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எல்லோரும் அரங்கைச் சுற்றி வந்தார்கள். நூறு கோல்களைவிட எனக்கு இதுதான் பெரிய தருணம்.

கோல்கீப்பர் எல்லோரும் அடிபட்டால் யார் ஆடுவது?

1928 இறுதித் தொடரில் ரேஞ்சர்ஸ் கோல்கீப்பர் லோர்ன் ஷபோவின் கண்ணில் பக் பட்டது. 44 வயது பயிற்சியாளர் லெஸ்டர் பேட்ரிக் தானே காப்பு உடையைக் கட்டிக்கொண்டு இறங்கினார். ஓவர்டைமில் ரேஞ்சர்ஸ் வென்றது.

பின்னாளில் ஒவ்வொரு அரங்கிலும் அவசரத்துக்கு ஒரு உள்ளூர் ஆளை வைத்திருந்தார்கள். 2020 பிப்ரவரி 22 அன்று டொராண்டோவில் கரோலினாவின் இரண்டு கோல்கீப்பர்களும் அடிபட, 42 வயது டேவிட் ஏர்ஸ் இறங்கினார். வேலை, ஒரு அரங்கைப் பராமரிப்பது. பனித்தளத்தைச் சமன்படுத்தும் ஸம்போனி வண்டியும் ஓட்டியவர். 2004இல் தாயின் சிறுநீரகம் பெற்று உயிர் பிழைத்தவர். வந்த முதல் இரண்டு அடியும் கோல். இடைவேளையில் கரோலினா வீரர்கள், எத்தனை விட்டாலும் பரவாயில்லை, அனுபவித்து ஆடுங்கள் என்றார்கள். அதன்பின் வந்த எட்டையும் தடுத்தார். கரோலினா 6-3 என்று வென்றது.

கிரெட்ஸ்கியின் கோல் சாதனை உடைந்துவிட்டதா?

உடைந்தது. 2025 ஏப்ரல் 6 அன்று வாஷிங்டனின் அலெக்சாண்டர் ஒவெச்கின், நியூயார்க் ஐலண்டர்ஸுக்கு எதிராக 895ஆவது கோலைப் போட்டுவிட்டு வயிற்றில் விழுந்து பனியில் சறுக்கினார். கிரெட்ஸ்கி அரங்கில் இருந்து கை கொடுத்தார். கிரெட்ஸ்கி ஆடியது மொத்தம் 1,487 ஆட்டம். ஒவெச்கினுக்கும் அது 1,487ஆவது ஆட்டம்.

பெண்கள் ஹாக்கி?

1992 செப்டம்பர் 23 அன்று மனோன் ரேயோம் டாம்பா பே அணிக்காக ஒரு சீசன்முன் ஆட்டத்தில் கோல்கீப்பராக இறங்கினார்; என்ஹெச்எல் அணிக்கு ஆடிய முதல் பெண். ஒன்பது அடியில் ஏழைத் தடுத்தார். ஆனால் பெண்களுக்கென்று ஓடிய லீக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின, பலர் வேறு வேலை பார்த்துக்கொண்டே ஆடினார்கள். 2019இல் கனடா லீக் மூடியதும், ஒழுங்கான சம்பளமும் வசதியும் இல்லாமல் வட அமெரிக்காவில் எந்த லீக்கிலும் ஆடமாட்டோம் என்று சுமார் 200 வீராங்கனைகள் சேர்ந்து நின்றார்கள். சிலருக்கு அது தங்கள் சிறந்த வருடங்களை இழந்த முடிவு.

புதிய பெண்கள் தொழில்முறை லீக் 2024 ஜனவரி 1 அன்று டொராண்டோவில் தொடங்கியது. முதல் ஆட்டத்தில் நியூயார்க் 4-0 என்று வென்றது, முதல் கோல் எலா ஷெல்டன். அந்த ஏப்ரலில் மாண்ட்ரியலில் ஒரு ஆட்டத்துக்கு 21,105 பேர் வந்தார்கள். லிண்ட்சேக்குக் கிடைக்காதது இவர்களுக்குக் கிடைத்தது: லீக்கில் ஒரு ஆட்டம்கூட நடப்பதற்கு முன்பே, 2023 ஜூலையில், வீராங்கனைகளின் சங்கம் சம்பளத்துக்கும் மருத்துவத்துக்கும் கூட்டு ஒப்பந்தம் போட்டு முடித்திருந்தது.